கதவைத் தட்டும் முன் மனதைக் கேளுங்கள்: சென்சஸும் நமது தயக்கமும்

"இது சென்சஸ்தானா, இல்லை என்.ஆர்.சி.யா?" மக்கள் தொகைக் கணக்கெடுப்பு பற்றிப் பேச்செடுத்தாலே நமது மஹல்லாக்களில் முதலில் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2020 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் நமது பெண்கள் வீதியில் அமர்ந்திருந்தபோது, என்.பி.ஆர். படிவமும் சென்சஸின் வீட்டுப் பட்டியலும் ஒன்றாகவே வருவதாக இருந்தது. கொரோனாவால் இரண்டும் நின்றன. அடுத்து 2025 நவம்பரில் எஸ்.ஐ.ஆர். வந்தது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில் தமிழகத்தில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இதையெல்லாம் பார்த்தவர்கள் படிவத்தோடு வரும் எவரையும் தயங்கித்தான் வரவேற்பார்கள்.

இப்போதைய கணக்கெடுப்பு 2011க்குப் பிறகு வரும் முதல் சென்சஸ். வீட்டுப் பட்டியல் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் மாநிலத்துக்கு 30 நாள். ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். சாதியும் கேட்கப்படும்.

மக்களின் இந்தத் தயக்கத்தையே அளந்து பார்க்க முடியுமா? முடியும். அமெரிக்க சென்சஸ் துறை 2020 கணக்கெடுப்புக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2018இல், 50,000 வீடுகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. சுமார் 17,500 பேர் பதில் எழுதினர். 42 சிறு குழுக்களை உட்கார வைத்துப் பேசவும் செய்தார்கள். தம் பதில்கள் இரகசியமாக இருக்காது என்று 28 சதவீதத்தினர் மிகவும் கவலைப்பட்டனர். பதில் தமக்கெதிராகவே பயன்படும் என்று அஞ்சியோர் 22 சதவீதம். அதே ஆண்டு குடியுரிமைக் கேள்வியைச் சேர்க்க முயன்ற அரசை 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பயம் சும்மா வரவில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஒருமுறை கேட்டால் ஒரு புகைப்படம்தான் கிடைக்கும். அதே ஆட்களையே இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் கேட்பதைத்தான் பேனல் என்கிறார்கள். சென்ற மாதம் "சொல்ல மாட்டேன்" என்றவர் இந்த மாதம் "சொல்வேன்" என்றால், அவரை மாற்றியது ஜும்ஆ உரையா, பக்கத்து வீட்டுக்காரரா, வாட்ஸ்அப் செய்தியா என்று பிடிக்கலாம். மொத்த சதவீதம் மாறாமலே இருக்கலாம். உள்ளே பாதிப்பேர் இங்கிருந்து அங்கும், பாதிப்பேர் அங்கிருந்து இங்கும் போயிருப்பார்கள். அது பேனலில் மட்டுமே தெரியும். குறையும் உண்டு. மூன்றாம் முறை கேட்கும்போது சிலர் ஊரில் இருக்க மாட்டார்கள். இருப்பவர்களும் கேட்டுக் கேட்டே சென்சஸ் நிபுணர் ஆகியிருப்பார்கள். அவர்கள் இனி சாதாரண மக்களின் மாதிரி அல்ல.

ஏற்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒண்டிக்கடை சுற்றுவட்டாரத்தில் கடை வைத்திருப்பவரைப் போனில் பிடித்துவிடலாம். நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை பக்கத்து மலைக்கிராமங்களில் டவர் கிடைக்கும் இடம் தேடி நிற்க வேண்டும். போனில் மட்டும் நடத்தும் ஆய்வு டவுன்காரர்களின் மனதை மலையின் மனது என்று சொல்லிவிடும். சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர், எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்போர், விடுதி ஊழியர்கள், கடைத்தெருவில் நமது குடும்பங்கள் சில என்று நான்கு வகையான வாழ்க்கை. நான்கிலும் ஆள் வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் குளிர்காலத்தில் எஸ்டேட்டுக்கு வருவோர் பருவம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். நவம்பரில் கேட்டவரை மார்ச்சில் தேடினால் கிடைக்க மாட்டார். பிப்ரவரி சென்சஸிலும் விடுபடக்கூடியவர் அவர்தான். ஆகவே பேனலில் யார் காணாமல் போகிறார்கள் என்பதே ஒரு பதில்.

நமது சிறிய ஜமாஅத்துகள் இதைச் செலவில்லாமல் செய்யலாம். இருபது வீடுகள். மூன்று முறை. அதே ஐந்து கேள்விகள்: வந்தால் கதவைத் திறப்பீர்களா, எதைச் சொல்லத் தயங்குவீர்கள், யார் சொன்னால் நம்புவீர்கள், என்.பி.ஆர். என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள், சாதிக் கேள்விக்கு என்ன சொல்வீர்கள். கேட்பவர் ஜமாஅத் தலைவராக இருக்க வேண்டாம். அவர் முன்னால் எல்லோரும் "சரி" என்றுதான் சொல்வார்கள். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும். பெயர் எழுத வேண்டாம், வீட்டுக்கு ஓர் எண் போதும்.

நான்காம் கேள்வியில் தெளிவு வேண்டும். சென்சஸ் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடப்பது. அதன் 15ஆம் பிரிவு தனிநபர் பதிவுகளை எவரும் பார்வையிட முடியாது என்றும், சாட்சியமாக ஏற்கக் கூடாது என்றும் சொல்கிறது. என்.பி.ஆர். குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டு விதிகளில் வருவது. அந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கருதி எல்லாவற்றுக்கும் கதவடைத்தால் நட்டம் நமக்கே. 2006இல் சச்சார் குழு நமது நிலையை எடுத்துக் காட்டியது 2001 சென்சஸின் எண்களையும் வைத்துத்தான். 2011 கணக்கில் தமிழக முஸ்லிம்கள் 42,29,479 பேர், 5.86 சதவீதம். எண்ணிக்கை எடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தரும்படி நபி (ஸல்) அவர்கள் கேட்டதை ஹுதைஃபா (ரலி) அறிவிக்க, புகாரியில் காண்கிறோம்.

ஐந்தாம் கேள்விதான் இந்த முறை நம்மைப் பிரிக்கப் போகிறது. "முஸ்லிமுக்கு ஏது சாதி" என்று சிலர் காலியாக விடுவார்கள். மார்க்கப்படி அது சரி. ஆனால் தமிழகத்தின் 3.5 சதவீத இடஒதுக்கீட்டுப் பட்டியலில் ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, தக்கனி முஸ்லிம், மாப்பிள்ளை, ஷேக், சையத், துதேகுலா, அன்சார் என்றுதான் இருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் ராவுத்தர் என்றும் தம்பி லப்பை என்றும் எழுதினால் இரண்டும் தனித்தனியாக எண்ணப்படலாம். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரையே சொல்வது நல்லது என்பது எங்கள் கருத்து. இதை ஜமாஅத்துகள் பிப்ரவரிக்கு முன்பே கூடிப் பேசி, இருபது வீடுகளில் மூன்றாம் முறை கேட்கும்போது யார் யார் மாறியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.