புருன்பெல்சியா பாசிபுளோரா

புருன்பெல்சியா பாசிபுளோரா என்பது கத்தரி, தக்காளி, ஊமத்தை ஆகியவை அடங்கிய சோலனேசியே குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் புதர்ச்செடி ஆகும். இதன் தாயகம் பிரேசில். வெப்பமான ஊர்களில் தோட்டங்களிலும், குளிர் நாடுகளில் வீட்டுக்குள் தொட்டியிலும் வளர்க்கப்படுகிறது. புருன்பெல்சியா கலிசினா என்பது இதன் பழைய பெயர். பேரினப் பெயர் செருமானியத் தாவரவியலாளர் ஓட்டோ புருன்பெல்சைக் (இறப்பு 1534) குறிக்கிறது. பாசிபுளோரா என்றால் இலத்தீனில் 'சில பூக்களே உடையது' என்று பொருள். செடி நிறையப் பூத்து நிற்பதைக் கண்டவர்களுக்கு இப்பெயர் பொருத்தமாகத் தோன்றாது.

பூக்கள்

ஆங்கிலத்தில் இச்செடிக்கு 'நேற்று, இன்று, நாளை' என்று பொருள்படும் பெயர் உண்டு. மலரும்போது பூ அடர் ஊதாவாக இருக்கும். பிறகு வெளிர் ஊதாவாகி, ஏறத்தாழ மூன்றாம் நாளில் வெண்மையாகிவிடும். மொட்டுகள் அடுத்தடுத்து விரிவதால் ஒரே செடியில் மூன்று நிறங்களையும் சேர்த்துக் காணலாம். துணியில் சாயம் வெளுப்பது போன்றதன்று இது. ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமியைச் சிதைப்பதற்கு இதழ் புதிதாகப் புரதங்களை உருவாக்குகிறது. ஆய்வுகளில் அப்புரத உற்பத்தியைத் தடுத்தபோது நிறம் மாறுவதும் தடைப்பட்டது.

வளர்ப்பு

மெதுவாக வளரும் செடி. வெளிச்சம் வேண்டும், ஆனால் உச்சி வெயில் ஆகாது. சற்றே அமிலத்தன்மையுள்ள, நீர் தேங்காத மண் ஏற்றது. காரத்தன்மை மிகுந்த மண்ணில் இரும்புச் சத்தை உறிஞ்ச முடியாமல் இலைகள் மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். பூத்து முடிந்தபின் கிளைகளை வெட்டிவிடலாம்.

நச்சுத்தன்மை

இச்செடியின் எல்லாப் பகுதிகளும் நச்சுடையவை. நாய்களே அதிகம் பாதிக்கப்படுகின்றன. காய்களையும் விதைகளையும் அவை விரும்பிக் கடிப்பதுண்டு. புருன்பெல்சாமிடின் என்ற வேதிப்பொருள் வலிப்பை உண்டாக்குகிறது. வாந்தி, எச்சில் ஒழுகுதல், நடுக்கம், கால்கள் விறைத்தல் ஆகியவையும் காணப்படும். இவ்வறிகுறிகள் எட்டி விதையிலுள்ள ஸ்ட்ரிக்னின் நஞ்சின் அறிகுறிகளை ஒத்திருப்பதால், யாரோ விஷம் வைத்துவிட்டதாக எண்ணி, தொட்டியிலிருக்கும் செடியைக் கவனிக்காமல் விடும் வாய்ப்பு உண்டு. மாற்று மருந்து கிடையாது. வலிப்பைக் கட்டுப்படுத்தி, உடல்நிலையைத் தாங்கிப்பிடிக்கும் சிகிச்சையே அளிக்கப்படுகிறது. அதுவும் சில நாட்கள் தொடர வேண்டியிருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் செல்லும்போது கடித்த கிளையையோ காயையோ எடுத்துச் சென்றால் நஞ்சை இனங்காண்பது எளிதாகும். நாய் உள்ள வீட்டில் இச்செடியை வைத்திருப்போர், பூ உதிர்ந்தபின் தோன்றும் சிறு காய்களை அவ்வப்போது பறித்து அகற்றுவது அவசியம். தரையில் விழுந்தவற்றையும் பொறுக்கிவிட வேண்டும்.