ஒரே முகம், ஒன்பது ரசம்
தன்னையே படமாக்கிய பெங்களூர் கலைஞர் புஷ்பமாலா

மைசூர்: ஊரிலிருந்து உறவினர் வந்தால் அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் மூன்றையும் காட்டுவது மைசூர்த் தமிழர் வழக்கம். நேரமிருந்தால் ஜகன்மோகன் அரண்மனைக்கும் அழைத்துப் போவார்கள். 1861-இல் கட்டப்பட்ட அந்த அரண்மனை, ராஜா ரவிவர்மாவின் ஓவியங்களுக்குப் பெயர் பெற்றது.

ஓவியத்தில் இருக்கும் பெண்களைப் பார்த்து, "என்ன அழகு!" என்று வியந்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். அந்தப் பெண்ணாகவே நாம் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தவர் என். புஷ்பமாலா.

சிற்பியின் புதுப் பாதை

1956-இல் பெங்களூரில் பிறந்த புஷ்பமாலா, பரோடா பல்கலைக்கழகத்தில் சிற்பக்கலை படித்தார். சிற்பியாகப் பெயரும் வாங்கினார். 1990-களின் நடுவில் அவர் கவனம் கேமராப் பக்கம் திரும்பியது. 1996 முதல் 1998 வரை உருவான 'பாண்டம் லேடி' படங்களில், முகமூடி அணிந்த சாகசப் பெண்ணாகத் தோன்றினார். பழைய ஹிந்திப் படங்களில் சவுக்கைச் சுழற்றிய நாடியாவை நினைவூட்டும் வேடம் அது.

இவர் படங்களில் பொத்தானை அழுத்துபவர் பெரும்பாலும் வேறொருவர். கற்பனையும், வேடமும், முகபாவமும் புஷ்பமாலாவுடையவை.

பம்பாய் ஸ்டூடியோவில்

2000-க்குப் பிறகு அவர் பம்பாயில் ஜே.எச். தாக்கரின் ஸ்டூடியோவுக்குப் போனார். அந்தக் கால ஹிந்தி நட்சத்திரங்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்த மூத்த கலைஞர் தாக்கர். அதே பாணி விளக்கொளியில் சிருங்காரம், ஹாஸ்யம், கருணை, ரௌத்ரம், வீரம், பயானகம், பீபத்ஸம், அற்புதம், சாந்தம் என்று ஒன்பது ரசங்களையும் தம் முகத்திலேயே காட்டினார். நம் தொல்காப்பியரும் உள்ளத்தில் எழுவது உடலில் தெரிவதை 'மெய்ப்பாடு' என்று சொல்லி, அதை எட்டு வகையாகப் பிரித்தவர்தானே!

ஆனால், படத்தில் தெரிவது மனத்தில் இருப்பதுதானா? பிழைப்புத் தேடி வெளியூர் போனவர்களுக்கு இது புதிய கேள்வி அல்ல. ஊருக்கு அனுப்பும் முதல் போட்டோவுக்கு, ஸ்டூடியோக்காரர் தரும் இரவல் கோட்டை மாட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றவர்கள் எத்தனை பேர்! அன்றைய பசி அந்தப் படத்தில் விழவில்லை. பெற்றவள் மட்டும் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பாள்.

கட்டம் போட்ட திரை

கிளேர் ஆர்னி என்ற புகைப்படக் கலைஞருடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை இவர் உருவாக்கிய 'தென்னிந்தியப் பெண்கள்' வரிசை பலர் கவனத்தை ஈர்த்தது. ரவிவர்மாவின் லட்சுமியாக நின்றார். வேளாங்கண்ணி மாதாவாக நின்றார். மைசூரை அடுத்த மேல்கோட்டையில் பிறந்த ஜெயலலிதாவின் பழைய சினிமா ஸ்டில் ஒன்றையும் தம்மை வைத்தே மீண்டும் படைத்தார்.

மனத்தை உலுக்குவது தோடர் பெண் படம். வெள்ளைக்கார ஆட்சியில் மலைவாசிகளையும் தீவுவாசிகளையும் அளவுக் கட்டத் திரைக்கு முன் நிறுத்தி, பொருளை அளப்பது போல் அளந்து படம் எடுத்தார்கள். அப்படிப்பட்ட ஒரு திரைக்கு முன் புஷ்பமாலா தாமே போய் நின்றார். இவர் விரும்பி நின்றார். வேடம் கலைந்ததும் வீடு திரும்பினார். அன்று நின்ற பெண்களிடம் விருப்பம் கேட்டவர் யார்? அவர்கள் பட்ட கூச்சமும் அச்சமும் எந்த அளவுகோலில் பதிவாயின? இந்தக் கேள்விகளைப் பார்ப்பவர் மனத்தில் எழுப்புவதே அந்தப் படத்தின் வெற்றி.

2019-இல் நடந்த சென்னைப் புகைப்படத் திருவிழாவின் கலை இயக்குநராகவும் இவர் பணியாற்றினார்.

அடுத்த முறை உறவினருடன் ஜகன்மோகன் அரண்மனைக்குப் போகிறவர்கள், ஓர் ஓவியத்தின் முன்னாவது சற்று நின்று பார்க்கலாம். அந்தப் பட்டுக்கும் நகைக்கும் பின்னால் ஓவியருக்காக அசையாமல் நின்ற ஒருத்தி இருந்திருப்பாள். அவளுக்கும் கால் வலித்திருக்கும்.