மீனுக்கு ஓய்வு, மீனவனுக்கு?

சித்திரை முதல் நாளைப் புத்தாண்டு என்று கொண்டாடுவோர் கொண்டாடட்டும். நமக்குத் தை முதல் நாள்தான் புத்தாண்டு. அந்த வழக்கை எடுத்துக்கொண்டு இன்று நான் வரவில்லை, தோழர்களே! அந்தச் சித்திரை முதல் நாள் இரவில், ஏப்ரல் 14 முடிந்து 15 பிறக்கும் வேளையில், காசிமேட்டிலும் கடலூரிலும் நாகையிலும் இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் விசைப்படகுகளின் எந்திர ஓசை அடங்கிவிடுகிறதே, அந்த அமைதியைப் பற்றிப் பேச வந்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடலில் விசைப்படகும் இழுவைப்படகும் இறங்கக் கூடாது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம். அதற்கு ஓய்வு வேண்டும் என்பது ஆணை. 2001இல் தமிழகக் கரைக்கு இது வந்தபோது 45 நாள். 2017இல் 61 ஆயிற்று.

வேண்டாத ஆணையா? அல்ல, அல்ல! இழுவை மடி கடலின் அடித்தரையைத் துடைத்து எடுக்கிறது. பெரிய மீனோடு விரற்கடைக் குஞ்சும், கருவுற்ற இறாலும், பெயர் தெரியாத பூச்சி புழுவும் ஒரே மடியில் ஏறுகின்றன. விதைநெல்லைப் பொங்கித் தின்ற உழவன் மறு ஆண்டு எதை விதைப்பான்? எல்லா மீனும் ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை, ஐப்பசி கார்த்திகையில் இடுவதும் உண்டு, தடையை மாற்றி வையுங்கள் என்று கரையோரத்தில் ஒரு வாதம் நெடுநாளாக நடக்கிறது. தள்ளிவிடத் தக்க வாதமல்ல. ஆனால் கடலுக்கு ஓய்வே வேண்டாம் என்று அந்த மீனவர்களும் சொல்லவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் வேடிக்கையைப் பாருங்கள். ஒரே மாவட்டம், இரண்டு கடல், இரண்டு தடை! கிழக்கே சின்னமுட்டத்துப் படகு ஏப்ரல் 15இல் கட்டப்படுகிறது. மேற்கே குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மே முடியும்வரை தொழில் செய்து, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை ஓய்கின்றன. அங்கே தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் காலம் அது. இந்த வேறுபாடு இருப்பதால்தான் மே மாதத்தில் சென்னைக்காரருக்கு ஐஸ் பெட்டியில் கேரளத்து மீன் வந்து சேருகிறது. விலையைக் கேட்டுவிட்டுக் கருவாட்டுக் கடைப்பக்கம் நடக்கிறவர் நம் தோழர்களில் எத்தனை பேர் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சரி, இந்த 61 நாளும் கடலே வெறிச்சோடிக் கிடக்கிறதா என்றால், இல்லை. நாட்டுப்படகுக்கும் வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் தடையில்லை. விடியற்காலை போய் வெயில் ஏறுமுன் திரும்புகிறார்கள். நெத்திலியும் காரலும் நண்டும் கணவாயும், கிடைத்தது கிடைத்தபடி. இழுவைப்படகு இல்லாத கடலில் போட்ட வலை போட்ட இடத்தில் கிடக்கிறது, விலையும் கட்டுபடியாகிறது. சிறு படகுக்காரனுக்கு ஆண்டில் நிம்மதியான பருவம் இதுதான். கரையிலிருந்து மூன்று கடல் மைல் சிறு படகுக்கே உரியது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிவைத்தது. அந்த எல்லை ஏட்டில் இருக்கிற அளவுக்குக் கடலில் இருக்கிறதா என்பதை அவனைக் கேளுங்கள்!

இன்னொருவனுக்கும் இது நிம்மதிப் பருவம். பாக்கு நீரிணைக்கு அக்கரையில் யாழ்ப்பாணத்தான் இருக்கிறான், மன்னார்க்காரன் இருக்கிறான். நம் மொழி பேசுபவன், போரில் எல்லாம் இழந்தவன். நம் பக்கத்து இழுவை மடி அவன் வலையை அறுத்துப் போகிறது என்பது அவன் நெடுநாளைய முறையீடு. 2017இல் இலங்கை இழுவை மடித் தொழிலையே சட்டம் போட்டுத் தடுத்தது. நம் மீனவனை இலங்கைக் கடற்படை பிடித்துச் சிறையில் தள்ளும் கொடுமையை நாம் ஓயாமல் கண்டிக்கிறோம், இனியும் கண்டிப்போம். கண்டிக்கும் அதே வாய்க்கு இதைச் சொல்லும் கடமையும் உண்டு. கைதட்டல் கிடைக்காது, அதற்காகச் சொல்லாமல் விடமுடியுமா?

கடலிலிருந்து கொஞ்சம் மேற்கே வாருங்கள். அதே கோடையில் மேலூர், நத்தம், சிங்கம்புணரி, பொன்னமராவதிப் பக்கத்துக் கண்மாய்கள் வற்றுகின்றன. நீர் சுருங்கச் சுருங்க மீன் நெருங்குகிறது. வெந்நீரில் உயிர்க்காற்று நிற்பதில்லை. ஆகவே விடியற்காலையில் கெண்டை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சில நாளில் வெள்ளை வெள்ளையாகச் செத்தும் மிதக்கும். விரால் மட்டும் கெட்டிக்காரன்! மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுச் சேற்றுக்குள் போய்விடுவான்.

இனியும் விட்டால் வீண் என்ற நிலையில் ஊர் கூடுகிறது. மீன்பிடித் திருவிழா! ஊத்தாவும் கச்சாவும் தூரியும் கூடையும் தூக்கிக்கொண்டு சுற்றுப்பட்டுக் கிராமங்களே கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசவேண்டியதுதான். அத்தனை பேரும் சேற்றில்! இந்த மீனைப் பிடித்துத் தின்றால் மழை வரும் என்று நம்புவோர் அங்கே உண்டு. மழை நம் மீன்குழம்பை முகர்ந்து பார்த்துப் பெய்வதில்லை, தோழர்களே, அதை விடுங்கள். நான் பார்ப்பது வேறொன்றை. பிடித்தவன் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், விற்கக் கூடாது என்று பல ஊரில் கட்டுப்பாடு. அன்று மாலை எல்லாத் தெருவிலும் ஒரே மணம். எல்லா ஊரும் இப்படி என்று நான் சொல்லமாட்டேன். ஏலம் போன கண்மாய்கள் உண்டு. கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்த்துக் குத்தகைக்காரர் லாரியில் ஏற்றும் கண்மாய்கள் உண்டு. ஆனாலும் நீர் வற்றிய நட்டத்தை ஒருவன் தலையில் மட்டும் கட்டாமல், மிஞ்சியதை ஊரே எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது.

கடற்கரைக்கு அந்த முறை இல்லை. சென்ற ஆண்டு மே மாதம் நாகையில் ஒரு கூட்டம் பேசிவிட்டு மறுநாள் காலை துறைமுகத்துக்குப் போனேன். கரையேற்றிய படகுகள் வரிசையாக நின்றன. அடிப்பலகை சுரண்டுவதும் வண்ணம் பூசுவதுமாக ஒரே இரைச்சல். ஒரு படகின் நிழலில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பழைய வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"என்ன ஐயா, ஓய்வா?"

"மீனுக்கு ஓய்வு தம்பி. எனக்கு வேலையில்லை. ரெண்டும் ஒண்ணா?"

வாயடைத்துப்போனேன். ஆயிரம் பேர் கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசியவன், அந்த ஒரு கேள்விக்கு விடை தேடினேன்.

அவர் படகுக்குச் சொந்தக்காரர் அல்லர், பங்குத் தொழிலாளி. டீசலும் ஐஸும் சாப்பாடும் கழித்து, மிஞ்சியதில் முதலாளிக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பிரிப்பது வழக்கம். படகு போனால் பங்கு, போகாவிட்டால் ஒன்றுமில்லை. முதலாளி என்ன கோட்டையிலா வாழ்கிறார்? பலர் ஏலக்காரரிடம் கடன் வாங்கி, அதற்காகவே மீனை அவரிடம்தான் போடவேண்டும் என்று கட்டுண்டு கிடப்பவர்கள். இந்தத் தடைக் காலத்தில் பழுதுபார்க்கும் செலவும் அவர்கள் தலையில்தான். அந்த முதலாளியிடம் முன்பணம் வாங்கித் தொழிலாளி இரண்டு மாதம் ஓட்டுகிறான். படகு இறங்கியதும் அவன் பங்கிலிருந்து அது கழிகிறது.

"நிவாரணம் வருதே?" என்றேன்.

"வருது. இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா பணம் வர்றதுக்குள்ளே வட்டி வந்துடுது" என்றார்.

அந்த நிவாரணத்தைப் பற்றி நாம் பெருமைப்படுகிறோம், படலாம். 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் தளபதி அறிவித்தபடி அது குடும்பத்துக்கு 8,000 ரூபாய் ஆயிற்று. முன்பு இருந்ததற்கு இது நல்ல உயர்வு. ஆனால் கணக்குப் போடுங்கள். 61 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். நால்வர் உள்ள வீட்டில் தலைக்கு 33 ரூபாய்கூட இல்லை. நம் கை கொடுத்தது என்பதற்காகப் போதும் என்று சொல்லிவிடலாமா? எதிரி கொடுத்திருந்தால் மேடையில் இந்தக் கணக்கைப் போடாமல் இருந்திருப்போமா?

அந்த 131 ரூபாயும் பதிவேட்டில் பெயர் உள்ள மீனவக் குடும்பத்துக்கு. துறைமுகத்தில் பெட்டி தூக்குகிறவர், ஐஸ் உடைக்கிறவர், கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கும் வெளியூர்த் தாய்மார், வலை பின்னக் கூலிக்கு வருபவர் - கடல் பூட்டினால் இவர்கள் வாயும் பூட்டுகிறது. இவர்களில் மீனவர் என்ற பதிவு இல்லாதவர்க்கு அந்தப் பணமும் இல்லை.

துறைமுகத்துத் தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஏப்ரல் 15 திடீரென்று வரும் புயல் அல்ல. ஆண்டுதோறும் அதே நாளில் வருகிறது. ஆகவே தை மாதத்திலேயே பட்டியலைக் கையில் எடுங்கள். பெட்டி தூக்குகிறவர் முதல் கூடைக்காரி வரை, விடுபட்டவர் பெயரையெல்லாம் எழுதி மாவட்டக் கழகத்துக்குக் கொடுங்கள். படகு கட்டப்படும் அன்றைக்கே பணம் கையில் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். கோட்டையில் யார் இருந்தாலும் கேளுங்கள். நம்மவர் இருந்தால் இன்னும் உரக்கக் கேளுங்கள்.

நாகைக்காரர் கடைசியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். ஜூன் 14 மாலையே ஐஸும் டீசலும் ஏற்றிக் காத்திருப்பார்களாம். தடை முடிந்ததும் துறைமுகமே கிளம்புமாம். முதல் நடையில் மீன் நன்றாக விழும் என்றார். அந்த முதல் நடைப் பங்கு யாருக்குப் போகும் என்று கேட்டேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாங்கினவனுக்குத்தான் தம்பி" என்றார்.