நம்பர் பிளேட்டைப் பார்த்து விழுந்த கல்

பங்காருபாளையத்தில் ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்தால், சித்தூரிலிருந்து பலமனேர் வழியாகப் பெங்களூரு போகிற வண்டிகளெல்லாம் கண்ணெதிரே போகும். டிஎன், கேஏ, ஏபி என்று நம்பர் பிளேட்டுகள் மாறி மாறி வரும். கடைக்காரர் தெலுங்கில் கேட்பார், நாம் தமிழில் சொல்வோம், டீ வந்துவிடும். இப்படிக் கலந்து வாழ்கிற பக்கத்தில், ஒருவன் செய்ததற்கு இன்னொருவன் எப்படி அடிபடுகிறான்? பக்கத்தில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

2013 டிசம்பரில், ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்த கும்பல் வனத்துறை அதிகாரிகள் இருவரைக் கொன்றது. கொடுமைதான். ஆனால் அந்த வழக்கில் பிடித்துப் போட்டது ஏறக்குறைய 300 தமிழ்நாட்டுக் கூலிகளை. 2016-ல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதற்குள், 2015 ஏப்ரல் 7 அன்று, அதே காட்டில் ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டவர், பெரும்பாலும் மலைக் கிராமத்து ஏழைகள். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றனர் தப்பி வந்தவர்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் இருந்ததால், ஜோடியாகப் போகிறார்கள் என்று நினைத்துத் தன்னை விட்டுவிட்டார்கள் என்றார் அவர்களில் ஒருவர்.

அடுத்து தமிழ்நாட்டில் ஆந்திர அரசு பஸ்கள் மீது கல் விழுந்தது. சுட்டவரா அந்த டிரைவர்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முகம் தெரியாத கூலிக்காக ஒருவனுக்கு வயிறு எரிகிறதே, அது நல்ல உணர்ச்சி. இறந்தவர் குடும்பத்துக்கு ஓடி வந்து உதவுவதும் அதுதான். கோளாறு அடுத்த அடியில் இருக்கிறது. துப்பாக்கி பிடித்தவன் கைக்கு எட்டமாட்டான், ‘அவங்க ஆளு’ எட்டுவான். உளவியலாளர் பிரையன் லிக்கலும் சக ஆய்வாளர்களும் 2006-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். எதிர்த் தரப்பை ஒரே உடம்பாகப் பார்க்கப் பார்க்க, அதில் யாரை அடித்தாலும் கணக்குத் தீரும் என்று தோன்றுமாம். 2016 செப்டம்பரில் காவிரித் தண்ணீர்ச் சண்டையில் பெங்களூருவில் எரிந்த தமிழ்நாட்டு பஸ்களும் இந்தக் கணக்கில்தான் எரிந்தன.

பெரும்பாலான நாட்களில் இப்படி நடக்காமல் இருப்பது எதனால்? ஜேம்ஸ் ஃபியரான், டேவிட் லெய்டின் என்ற அரசியல் அறிஞர்கள் 1996-ல் ஒரு விடை சொன்னார்கள்: தப்பு செய்தவனை அவன் சனமே தண்டிக்கும் என்ற நம்பிக்கை இருந்தால், எதிர்த் தரப்பு கல்லைத் தேடாது. எனக்கு இது சரி என்றே படுகிறது. சேஷாசலத்தில் சுட்டவர்களை ஆந்திர அரசே கூண்டில் ஏற்றியிருக்க வேண்டும். நம் பக்கத்துக்கும் கடன் உண்டு. மலைக்கு ஏறி, முன்பணம் கொடுத்து, கூலிகளைக் காட்டுக்கு அனுப்பிய புரோக்கர்களில் நம்ம ஆட்களும் இருந்தார்கள். பஸ் மீது கல் எறிந்தவர்கள் அந்தப் புரோக்கர்கள் வீட்டு வாசலில் போய் நின்றிருக்க வேண்டும்.