யு.பி.எஸ். கம்ப்யூட்டருடன் பேசுவது எப்படி?

மின்சாரம் நின்றவுடன் யு.பி.எஸ். தன் பேட்டரியிலிருந்து கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வழங்குகிறது. பீப் ஒலியும் எழுப்புகிறது. நீங்கள் அருகில் இருந்தால் பைலை சேவ் செய்துவிட்டு கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து விடலாம். இல்லையென்றால் பேட்டரி தீர்ந்ததும் கம்ப்யூட்டர் திடீரென நின்றுவிடும். திறந்திருந்த பைல்கள் கெட்டுப் போகலாம்.

இதனைத் தவிர்க்கவே சில யு.பி.எஸ். கருவிகளில் கம்ப்யூட்டருடன் இணைக்க ஒரு போர்ட் தரப்படுகிறது. இப்போது இது பெரும்பாலும் யு.எஸ்.பி. போர்ட்டாக உள்ளது. பழைய மாடல்களில் 9 பின்கள் கொண்ட சீரியல் போர்ட் இருக்கும்.

சீரியல் போர்ட்டில் 2 மற்றும் 3ஆம் பின்கள் டேட்டாவுக்கானவை. 5ஆம் பின் கிரவுண்ட். மற்றவை சிக்னல் லைன்கள். எளிய வகை யு.பி.எஸ்.கள் டேட்டா எதையும் அனுப்புவதில்லை. சிக்னல் லைன்களில் மின்னழுத்தத்தை மாற்றியே செய்தி சொல்கின்றன. இது வீட்டு காலிங் பெல் போன்றது. மணி அடித்தால் வாசலில் ஆள் இருக்கிறார் என்று பொருள். வேறு பேச்சு தேவையில்லை. +3 முதல் +15 வோல்ட் வரை இருந்தால் லைன் ஆன். -3 முதல் -15 வரை இருந்தால் ஆப்.

விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. ஆகியவற்றின் யு.பி.எஸ். சர்வீஸ் மூன்று லைன்களைப் பயன்படுத்தியது.

* சி.டி.எஸ். (பின் 8): "மின்சாரம் நின்றுவிட்டது" என யு.பி.எஸ். சொல்கிறது.
* டி.சி.டி. (பின் 1): "பேட்டரி தீரப் போகிறது" என்கிறது. உடனே கம்ப்யூட்டர் தானாக ஷட் டவுன் ஆகத் தொடங்கும்.
* டி.டி.ஆர். (பின் 4): "நீ நின்றுவிடலாம்" எனக் கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸுக்குக் கட்டளையிடுகிறது.

மூன்றாவது லைனில்தான் கவனம் தேவை. விண்டோஸ் என்.டி. தொடங்கும்போது சீரியல் மவுஸ் உள்ளதா எனப் போர்ட்டுகளில் சிக்னல் அனுப்பித் தேடும். இதனை நிறுத்தும் கட்டளையாக எடுத்துக்கொண்டு சில யு.பி.எஸ்.கள் மின்சாரத்தையே துண்டித்துவிடும். இதற்காகவே பூட்.ஐ.என்.ஐ. பைலில் "நோசீரியல்மைஸ்" என்ற ஆப்ஷன் தரப்பட்டது.

கேபிளிலும் இதே ஆபத்து உண்டு. பின்களின் இணைப்பு நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். மோடத்திற்கான சாதாரண சீரியல் கேபிளைச் செருகினால், சில யு.பி.எஸ்.கள் அப்போதே அணைந்துவிடும். எனவே, யாரிடமாவது பழைய யு.பி.எஸ். வாங்கினால் அதனுடன் வந்த கேபிளையும் கேட்டு வாங்குங்கள். இணைத்த பின், எல்லா பைல்களையும் மூடிவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள். பேட்டரி தீரும் முன் கம்ப்யூட்டர் தானாக ஷட் டவுன் ஆனால், இணைப்பு சரியாக உள்ளது என நம்பலாம்.