மூன்று பந்துகளின் ஆட்டம்

கல்கத்தாவில் வாழும் நம்மவர் பலர் பழைய கோர்ட் ஹவுஸ் தெருவிலுள்ள கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டலைக் கடந்து சென்றிருப்பர். 1958-ஆம் ஆண்டில் அங்குதான் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். 1952-இல் இதே நகரில் அப்பட்டம் ஆங்கிலேயரான டிரிஃபீல்டுக்குச் சென்றிருந்தது.

கேரம் பழகிய நமக்கு இவ்வாட்டம் முதலில் தலைகீழாகத் தோன்றும். அங்கே ஸ்டிரைக்கர் குழியில் விழுந்தால் தண்டனை. இங்கே நமது பந்து வேறொரு பந்தைத் தொட்டுவிட்டுப் பைக்குள் விழுந்தால் எண்கள் கிடைக்கும். சிவப்பில் பட்டு விழுந்தால் 3, எதிரியின் பந்தில் பட்டு விழுந்தால் 2. இரு பந்துகளையும் தொட்டால், அதாவது கேனன் ஆனால், 2.

அடிகளுள் அடிப்படையானது ‘அரைப்பந்து’. கோலின் குறி எதிர்ப்பந்தின் விளிம்பை நோக்க வேண்டும். அப்போது உருண்டு செல்லும் நம் பந்து ஏறத்தாழ 33 பாகை விலகும். குறி சிறிது பிசகினாலும் இவ்விலகல் அதிகம் மாறுவதில்லை. ஆகவே தேர்ந்தவர்களும் இதனையே நாடுவர்.

எதிரியின் பந்தைப் பைக்குள் தள்ளினாலும் 2 உண்டு. அவசரக்காரர் மகிழ்வர். ஆனால் சிவப்பு மீண்டும் மேஜைக்கு வரும். அந்த வெள்ளைப் பந்தோ எதிரியின் முறை வரும்வரை திரும்பாது. கேனனுக்கு வழியின்றி, சிவப்பு ஒன்றையே நம்பி ஆட நேரிடும்.

இதன் தம்பியான ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில் பிறந்தது. விதிகள் உருப்பெற்றதோ நம் உதகமண்டலத்தில்.