கனடாவில் இயந்திர வள்ளங்களுக்கான விதிகள்

கனடாவில் கனூ போன்ற சிறு வள்ளங்களை இயந்திரம் பொருத்தி உல்லாசத்திற்காக ஓட்டுவோர், நடுவண் அரசின் படகு விதிகளுக்கு உட்பட்டவர்கள் ஆவர். துடுப்பால் மட்டும் செலுத்தப்படும் கனூவுக்கு ஓட்டுநர் அட்டையோ உரிமமோ தேவையில்லை. இயந்திரம் பொருத்தப்பட்டதும் அது விசைப்படகாகக் கருதப்படும்.

ஓட்டுநர் அட்டை

இது ஓட்டுபவரின் தகுதிச் சான்று ஆகும். 1999 இல் அறிமுகமாகிப் படிப்படியாக விரிவாக்கப்பட்ட இவ்விதி, 2009 செப்டம்பர் 15 முதல் எல்லா வயதினருக்கும் பொருந்துகின்றது. சிறிய மின் இயந்திரத்திற்கும் தகுதிச் சான்று வேண்டும். தேர்வில் சித்தியடைந்து பெறும் அட்டை வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும்.

படகு உரிமம்

இது படகுக்கு உரியது. 7.5 கிலோவாட் (10 குதிரைத்திறன்) அல்லது அதற்கு மேற்பட்ட இயந்திரம் உடைய படகுகளுக்குக் கட்டாயமானது. உரிம எண்ணைப் படகின் முன்புறத்தில் இரு பக்கங்களிலும், குறைந்தது 7.5 செ.மீ. உயரமுள்ள எழுத்துக்களில் பொறிக்க வேண்டும். கனூக்களில் பெரும்பாலும் இதனிலும் சிறிய இயந்திரங்களே பொருத்தப்படுகின்றன. எனினும் உரிமம் தேவையில்லை என்பதால் ஓட்டுநர் அட்டையும் தேவையில்லை என்று பொருளாகாது.

வயது வரம்பு

மேற்பார்வையின்றி ஓட்டும்போது 12 வயதுக்கு உட்பட்டோர் 10 குதிரைத்திறன் வரையும், 12 முதல் 15 வயதினர் 40 குதிரைத்திறன் வரையும் உள்ள இயந்திரங்களையே பயன்படுத்தலாம். 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் படகில் உடனிருப்பதே மேற்பார்வை எனப்படும்.

பாதுகாப்புப் பொருட்கள்

கனூ ஒடுக்கமானது. இயந்திரத்தின் பாரம் பின்புறத்தில் சேர்வதால் எளிதில் கவிழக்கூடும். குளிர்ந்த ஏரிநீர் நீந்தத் தெரிந்தவரையும் விரைவில் செயலிழக்கச் செய்யும். எனவே ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி படகில் இருத்தல் வேண்டும். 15 மீட்டர் நீளமுள்ள மிதக்கும் எறிகயிறு, நீர் இறைக்கும் கலன், ஊதுகுழல் ஆகியனவும் தேவை. அங்கியை வெறுமனே வைத்திராது அணிந்திருப்பதே உயிர்காக்கும்.